குளியலறையில் திருத்தப்பட்ட நாவல்

எங்கள் தெருவில் ஒரு நாவலாசிரியர் இருந்தார். இருந்தார் என்றதும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். இன்னும் இருக்கிறார். அதுதான் தொல்லை.

நேரில் பார்த்தால் ‘சார்’. முதுகைத் திருப்பினால் ‘இலக்கியம்’. “இலக்கியம் டீக்கடைக்கு இறங்குது பாரு”, “இலக்கியம் இன்னிக்கு ஷேவ் பண்ணியிருக்கு” என்று அஃறிணையில் பேசித்தான் எங்களுக்குப் பழக்கம். குடிநீர் அலுவலகத்தில் வேலையில் இருந்தவர், எழுத்து தன்னை அழைக்கிறது என்று சொல்லி ஒரு நாள் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். “எழுத்து கூப்பிட்டுச்சோ என்னவோ, அவர் வெளிய வந்தப்புறம்தான் நம்ம குழாய்ல தண்ணி ஒழுங்கா வருது” என்பார் மூலைவீட்டுக் கணக்கு டீச்சர்.

அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது எழுத்தால் அல்ல, முடியால். கீழே முன்னறையில் அவர் மனைவி பார்லர் வைத்திருந்தாள். முடி வெட்டுவது, சாயம் பூசுவது, புருவம் எடுப்பது. எங்கள் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். கூடமாட வேலை செய்ய அவள் தங்கை. அவளைச் சின்னவள் என்போம். சின்னவளுக்குக் கை லேசு. தலையை அலசிவிட்டால் பாதிப் பேர் அப்படியே தூங்கிப்போவார்கள்.

இலக்கியம் எழுதிக்கொண்டிருந்தது கலங்கரை விளக்கம் காக்கும் ஒருவனைப் பற்றிய நாவல். கடலைக் காலண்டரில் மட்டும் பார்த்த மனிதர் அவர். அந்தக் காவல்காரன் இரவெல்லாம் நிலாவோடு பேசுவான், பகலெல்லாம் நிலாவோடு பேசியதை நினைத்துப் பார்ப்பான். வருஷக்கணக்காக இதைத் திருத்திக்கொண்டிருந்தார். திருத்துவது எங்கே என்றால், மாடிக் குளியலறையில். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, மடியில் ஒரு பலகையை வைத்துக்கொண்டு, திருத்திய ஒவ்வொரு பக்கத்தையும் உரக்க வாசித்துப் பார்ப்பார். வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் ஒரே அறை அதுதான் என்று காரணம் சொல்வார். உண்மைக் காரணம் வேறு. ஓடு பதித்த அந்தச் சின்ன அறையில் குரல் எதிரொலித்து ஆள் பெரிய ஆள் போலக் கேட்கும். குளிக்கும்போது சினிமாப் பாட்டுப் பாடுகிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. மாடிக் குளியலறையின் காற்றுத் துவாரமும் கீழே பார்லரில் தலை அலசும் மூலையின் காற்றுத் துவாரமும் ஒரே கூண்டில்தான் திறந்தன. வீட்டைக் கட்டியவர் செங்கல்லில் மிச்சம் பிடித்திருக்கிறார். மேலே தும்மினால் கீழே ‘நூறு வயசு’ என்று சொல்லலாம்.

சாயம் பூசிக்கொண்ட பெண்பிள்ளை எங்கே எழுந்து ஓடுவாள்? தலையெல்லாம் கரைசல், காதோரம் வாஸ்லின், கழுத்தில் பழைய துண்டு. அரை மணி நேரம் நாற்காலியோடு நாற்காலியாகக் கிடக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து மேலிருந்து இறங்கும்:

“நிலவே! என் தனிமையின் வெண்சங்கே!”

“காலைலேர்ந்து இதே சங்கைத்தான் ஊதறாரு” என்பார் டீச்சர்.

“மெதுவாப் பேசுங்க டீச்சர். கீழ கேக்குதுன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாரு” என்பாள் அக்கா.

“நிறுத்தட்டுமே.”

“நிறுத்தினா கீழ வந்துடுவாரு.”

அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்க மாட்டோம். அவர் கீழே வந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். சீப்பை எடுத்து வைத்துக்கொண்டு, அழகு என்பது என்ன என்று ஆரம்பிப்பார்.

ஒரு நாள் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. பாராட்டு வரும் என்ற எதிர்பார்ப்பில் மனிதர் வேண்டுமென்றே படியிறங்கி வந்து, பார்லர் வாசலில் எங்கள் எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு நின்றார். மறுமுனையில் பதிப்பாசிரியை.

“படிச்சேன் சார்.”

“சொல்லுங்க, சொல்லுங்க.”

“முழுசாப் படிச்சேன் சார்.” அந்தப் பெண் பட்ட பாடு குரலிலேயே தெரிந்தது. “இவ்வளவு பக்கத்துல ஒருத்தர்கூட ஒரு தும்மல் போடலையே சார்? ஒருத்தர் சாப்பிடல, ஒருத்தர் சண்டை போடல. எல்லாரும் நிலாவைப் பாத்துப் பேசிக்கிட்டே இருக்காங்க. அதுவும் பாவம், எவ்வளவு நேரம்தான் கேக்கும்?”

“அது ஒரு குறியீடும்மா.”

“இருக்கட்டும் சார். கொஞ்சம் மனுஷங்களையும் உள்ள விடுங்க. இப்படியே போட முடியாது.”

ஸ்பீக்கரை நிறுத்தும் பொத்தானை அவர் தேடிய தேடல் இருக்கிறதே, தலையில் நுரையோடு உட்கார்ந்திருந்த எனக்கே பரிதாபமாகப் போயிற்று. பரிதாபம் கொஞ்ச நேரம்தான். “இந்தக் காலத்துல படிக்கத் தெரிஞ்சவங்க எங்க இருக்காங்க?” என்று எங்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு மேலே போனார். இருந்த பரிதாபமும் படியேறிப் போய்விட்டது.

அப்புறம் சில நாள் மேலே சத்தமே இல்லை. வாளிமேல் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றாள் அக்கா. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் ‘யாருக்கு வேண்டும் சாப்பாடு’ என்று கேட்டுவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து இரண்டு தட்டு சாப்பிடுகிறாராம்.

டீச்சருக்கு அன்றைக்குத் தலை அலசினாள் சின்னவள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. மின்விசிறி சுற்றியதா நின்றதா என்றே தெரியாத ஒரு சுற்று. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு தன் மருமகனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“வந்து இறங்கினதும் என்ன சொன்னான் தெரியுமா? ‘அத்தை, நான் ரொம்பக் கொஞ்சமாத்தான் சாப்பிடுவேன், எனக்குன்னு எதுவும் பண்ணாதீங்க’ன்னான். நானும் பரவாயில்லையேன்னு நெனச்சேன். எனக்குன்னு பண்ணாதீங்கன்னா என்ன அர்த்தம்னா, உங்களுக்குன்னு பண்ணினதை நான் சாப்பிட்டுக்கறேன்னு அர்த்தம். சட்டியைத் தூக்கித் தன் பக்கத்துல வச்சுக்கறான். கரண்டி கேட்டா, ‘இருக்கட்டும் அத்தை, நானே போட்டுக்கறேன்’ங்கறான்.”

நாங்கள் சிரித்த சிரிப்பில் மேலே வாளி நகர்ந்தது யாருக்கும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவிடம் அவர் கண்கள் பளபளக்கச் சொன்னாராம்: “உள்ளேயிருந்து ஒரு குரல் வருது. இத்தனை வருஷம் தவம் கெடந்ததுக்கு இப்பத்தான் திறந்திருக்கு.” அது எது திறந்திருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியும். “ஆமாங்க. முட்டை ஆறுது, சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டாள். மனுஷன் சிடுசிடுக்காமல் சாப்பிடுகிறாரே, அது போதும் அவளுக்கு.

அடுத்த வாரம் குரல் மறுபடி இறங்கியது. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு மீனவக் கிழவி முளைத்திருந்தாள். அவளுக்கு ஒரு மருமகன். சட்டியைத் தூக்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொள்கிறான்.

டீச்சர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “அடப்பாவி! என்னைக் கிழவி ஆக்கிட்டாரு பாத்தியா?”

“மருமகனை மீனவன் ஆக்கினது பரவாயில்லையா?” என்றேன்.

“அவன் ஏதோ ஒரு வேலைக்குப் போறானேன்னு சந்தோஷம்தான்.”

கோபித்துக்கொண்டு போனவர், இரண்டே நாளில் தலை அலச வேண்டிய அவசியமே இல்லாமல் வந்து உட்கார்ந்தார். துவாரத்துக்கு நேராக முகத்தைத் தூக்கி, நிறுத்தி நிதானமாகச் சம்பந்தியைப் பற்றிப் பேசினார். அதற்கப்புறம் பார்லரில் நாற்காலி கிடைப்பது கஷ்டமாகிப்போனது. ஒவ்வொருத்தியும் தன் வீட்டு ஆளை நாவலில் ஏற்றப் பார்த்தாள். “என் நாத்தனாரையும் கொஞ்சம் சேத்துக்கச் சொல்லேன்” என்று அக்காவிடம் சிபாரிசு கேட்டவர்கள்கூட உண்டு. இலக்கியம் பாட்டுக்கு மேலே உட்கார்ந்து தனக்கு அருள் வந்துவிட்டதாக நம்பி எழுதித் தள்ளியது. கீழே இருந்து கேட்டதைத்தான் எழுதுகிறோம் என்று ஒரு நாளாவது அவருக்கு உறைத்திருக்குமா என்று நான் யோசித்ததுண்டு. உறைத்திருக்கும். ஆனால் குழாயைத் திறந்துவிட்டவருக்கே தண்ணீர் சொந்தம் என்று நினைக்கிற அலுவலகத்திலிருந்து வந்தவரல்லவா.

இந்த நேரத்தில்தான் சின்னவளுக்கு ஒரு இடம் வந்தது.

சின்னவள் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே கல்யாணமானவள். எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை போடுகிற உத்தியோகம் புருஷனுக்கு. ஒரு நாள் மாற்றுத் துணிகூட இல்லாமல் அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். அடிக்கிறான் என்றாள். தெருவே கொதித்தது. அவன் தேடிக்கொண்டு வந்தபோது, இலக்கியம் வாழ்நாளில் முதல் முறையாக ஒரு காரியம் செய்தது. சட்டைக் காலரைப் பிடித்து அவனைப் படியிலிருந்து தள்ளிவிட்டார். அவன் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, “அவ நல்லா இருக்காளா?” என்று மட்டும் கேட்டான். ‘என்னமா நடிக்கிறான் பாரு’ என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பிறகு கோர்ட்டு, விடுதலைப் பத்திரம், எல்லாம் முடிந்து சின்னவள் பார்லரோடு பார்லராக ஆகிவிட்டாள்.

வந்த இடம் லிஃப்ட் மெக்கானிக். மனைவி நோயில் போய்விட்டாள், பிள்ளை கிடையாது. அவர் அம்மா மாதம் தவறாமல் சாயம் பூச வருவார். சின்னவளின் கை அவருக்குப் பிடித்துப்போய், மகனுக்கு இந்தப் பெண்தான் என்று தீர்மானித்துவிட்டார். ஒரு தடவை மகன் அம்மாவை ஸ்கூட்டரில் கூட்டிப்போக வந்தபோது, பார்லரில் டிரையர் ஓடாமல் கிடந்ததைப் பார்த்து, கேட்காமலே கழற்றிச் சரிசெய்துவிட்டுப் போனார். பேசினது நாலு வார்த்தை. அதில் இரண்டு, ‘ஸ்க்ரூ இருக்கா’. அவர் போனபிறகு சின்னவள் அந்த டிரையரைத் துடைத்த துடைப்பைப் பார்த்தே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“அந்தப் பாவி அடிச்சதெல்லாம் மறந்துடு கண்ணு” என்பார் லிஃப்ட்காரர் அம்மா. “என் புள்ள ஒரு கொசுவைக்கூட யோசிச்சுத்தான் அடிப்பான். அடி வாங்கின பொண்ணுக்கு வாழ்க்கை குடுக்கறது புண்ணியம்னு எங்க சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன்.”

சின்னவள் பிரஷ்ஷைக் கிண்ணத்தில் தேய்த்துக்கொண்டே இருப்பாள்.

ஒரு மழை நாள் மத்தியானம். வாடிக்கையாளர் யாரும் இல்லை. கொடியில் போட்ட துண்டுகள் காயாமல் வீச்சமடித்தன. தலை அலசும் மூலையில் தண்ணீர் போகும் வழி முடி அடைத்துத் தேங்கி நின்றது. அக்காவும் தங்கையும் குந்தி உட்கார்ந்து கம்பியை விட்டு முடியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தெருப் பெண்கள் அத்தனை பேர் முடியும் கறுப்பும் வெள்ளையும் பழுப்புமாகக் கயிறு போல வந்துகொண்டேயிருந்தது. அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னது இது.

“அக்கா, மாப்பிள்ளை வீட்டுல சொல்லிடலாமா?”

“எதை?”

“அவன் அடிச்சதை.”

“அதான் ஊருக்கே தெரியுமே.”

“அவன் அடிக்கல அக்கா.”

அக்கா கம்பியை விட்டுவிட்டாள்.

“ஒரு நாளும் அடிக்கல. திட்டினதுகூட இல்ல. நான்தான் பொய் சொன்னேன்.”

“ஏன்டி? பின்ன எதுக்குடி வந்தே?”

“எது வச்சாலும் ‘நல்லா இருக்கு’ம்பான். தினமும். ஒரே குரல்ல. கருகினாலும் நல்லா இருக்கு. நான் அழுதுக்கிட்டே பரிமாறினாலும் நல்லா இருக்கு. ஒரு நாள் வேணும்னே உப்பே போடாம வச்சேன். முழுசாச் சாப்பிட்டுட்டு, ‘நல்லா இருக்கு’ன்னான். நான் அங்க இருக்கேனா இல்லையான்னே எனக்குத் தெரியல. அவன் வேலைக்குப் போனதும் கெளம்பிட்டேன்.”

“இதைச் சொல்லியிருக்கலாமேடி.”

“சொன்னா உள்ள விட்டிருப்பியா? உப்புக்காகப் புருஷனை விட்டுட்டு வந்தேன்னா, திரும்பிப் போடின்னு பஸ் ஏத்தியிருப்பே. அடிச்சான்னு சொன்னேன், படுக்க இடம் குடுத்தே.”

அக்காவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மேலே வாளி நகர்ந்த சத்தம் அவளுக்குக் கேட்டதாம். மழையில் அவருக்கு எங்கே கேட்டிருக்கப்போகிறது என்று பேசாமல் இருந்துவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் வந்தது அந்த நாள். நடு நாற்காலியில் லிஃப்ட்காரர் அம்மா. சின்னவள் பாதித் தலைக்குச் சாயம் பூசியிருந்தாள். பக்கத்தில் டீச்சர். ஈரத் துண்டோடு நான். கையுறை மாட்டிக்கொண்டு அக்கா இன்னொரு கிண்ணத்தில் சாயம் கலக்கிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தை எப்போது பதிவு செய்யலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது மேலே தொண்டை செருமியது.

“‘அலைகளின் மகளே! உன் கணவன் உன்னை அடித்தானா?’ என்று வினவினான் காவல்காரன்.”

“ஆரம்பிச்சுட்டாரு” என்றார் டீச்சர்.

“‘இல்லை. ஒரு நாளும் அவன் என்னை அடிக்கவில்லை. அடித்தான் என்று நான்தான் பொய்யுரைத்தேன். உப்பிடாத உணவையும் நன்று என்றான். அவன் உப்பில்லாத கடல்!’”

சின்னவளின் பிரஷ் அந்தரத்தில் நின்றது. லிஃப்ட்காரர் அம்மா கண்ணாடியில் அவளைப் பார்த்தார். வாக்கியம் மேலே இருந்தவருக்கே ரொம்பப் பிடித்துப்போயிருக்க வேண்டும். இலக்கியம் இன்னொரு தடவை, இன்னும் உரக்க ஆரம்பித்தது. “‘அடித்தான் என்று நான்தான்…’”

சின்னவள் டிரையரை எடுத்து ஓடவிட்டாள். உச்ச வேகத்தில். ஈரச் சாயம் தெறித்துக் கண்ணாடி, சுவர், டீச்சரின் மூக்குக் கண்ணாடி எல்லாம் கறுப்புப் பொட்டு. “என்ன கண்ணு, என்ன பண்றே!” என்று லிஃப்ட்காரர் அம்மா கத்துகிறார். அவள் நிறுத்தவில்லை. அக்கா கையுறையோடு மாடிக்கு ஓடினாள். குளியலறைக் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள்.

டிரையரை லிஃப்ட்காரர் அம்மாதான் பிடுங்கி நிறுத்தினார். தலையை அவரே அலசிக்கொண்டார். பாதி கறுப்பும் பாதி வெள்ளையுமாக வாசல் வரைக்கும் போய், “நான் வரேன்” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் போனதும் சின்னவளும் மாடியேறினாள்.

நாங்கள் எழுந்து போயிருக்க வேண்டும்தான். எனக்குத் தலையில் ஈரம், டீச்சருக்கு முகமெல்லாம் கறுப்பு. இப்படியே தெருவில் எப்படி இறங்குவது? ஆகவே துவாரத்துக்கு அடியில் நின்றோம்.

“கதவைத் தொறங்க!”

“திருத்தத்துல இருக்கேன்.”

“தொறங்கன்னா!”

தாழ்ப்பாள் விலகியது.

“கீழ கேக்குதுங்க. நீங்க படிக்கறது எல்லாமே கேக்குது. ஆரம்பத்துலேர்ந்தே.”

வாளி நகர்ந்தது. பிறகு, “நிலாப் பகுதியுமா?”

“அதுவும்தான்.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையே.”

டீச்சர் துண்டின் முனையை வாயில் அடைத்துக்கொண்டார்.

“மாமா,” இது சின்னவள். “அதை எடுத்துடுங்க.”

“எதும்மா?”

“உப்பு. பொய். எல்லாம்.”

“அது நீ இல்லம்மா. அவ மீனவப் பொண்ணு.”

“எனக்கு மீன் வாடையே ஆகாது. ஆனா பேசறது நான்.”

“உனக்கு இலக்கியம் புரியாது. உள்ளேயிருந்து வர்றதை நான் எப்படித் தடுக்க முடியும்?”

“ஓட்டையிலேர்ந்து வந்ததுங்க” என்றாள் அக்கா. “அவ வாழ்க்கைங்க. அந்தம்மா பாதித் தலையோட எழுந்து போயிட்டாங்க.”

“அனுப்பியாச்சு. பதிப்பகத்துல அந்தப் பொண்ணு போன்லயே அழுதா தெரியுமா? ‘இந்த ஒரு அத்தியாயத்துக்காகவே போடலாம் சார்’னா. இத்தனை வருஷம் கழிச்சு ஒரு அத்தியாயம்! அதையும் எடுக்கச் சொல்றியா?” குரல் உடைந்தது. அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்திருக்கலாம், அவர் அதோடு நிறுத்தியிருந்தால். “யோசிச்சுப் பாரும்மா, உன் பேரு சாகாம இருக்கப்போவுது.”

“என் பேரே அதுல இல்லைன்னு இப்பத்தானே சொன்னீங்க?”

மேலே காகிதம் சரசரத்தது.

“சரி மாமா. அவனைப் படியிலேர்ந்து தள்ளிவிட்டீங்களே, அது வருதா உங்க கதையில?”

“அது… அங்க ஒரு புயல் வருது. கதவு சாத்திக்குது.”

“யாரு சாத்தறா?”

“புயல்.”

“நீங்க இல்ல.”

“கதைக்கு அது தேவைப்படலம்மா.”

“என் பொய் தேவைப்பட்டுச்சு. நீங்க தள்ளினது தேவைப்படல.”

அவள் இறங்கி வரும் சத்தம் கேட்டு நாங்கள் அவசரமாக நாற்காலிகளில் போய் உட்கார்ந்தோம். சின்னவள் டீச்சரின் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தாள். பிறகு சுவரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை பார்லர் திறக்குமுன் சின்னவள் குடையோடு கிளம்பினாள். பெரிய சாலையில் புதிதாக எழும்பிய மருத்துவமனைக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எதிர்க்கடையில் எனக்குச் சட்டைப் பொத்தான் வாங்க வேண்டியிருந்தது. நம்பினால் நம்புங்கள்.

லிஃப்ட்காரர் லிஃப்ட் இறங்கும் பள்ளத்துக்குள் நின்று ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். தலை மட்டும் தரைக்கு மேலே. சின்னவள் ஓரத்தில் போய் நின்றாள். அவர் ஏறி வர முயன்றார், அவள் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அங்கேயே குந்தி உட்கார்ந்தாள். குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்தாள். பேசினாள். எனக்குத் தெரிந்து அவள் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதே இல்லை. மேல்மாடியில் எவனோ சுவரைத் துளை போட்டுக்கொண்டிருந்தான். அந்த இரைச்சலில் ஒரு எழுத்து கேட்கவில்லை. கடைக்காரர் ஒரு டப்பா பொத்தானை என் முன்னால் கொட்டிவிட்டு, “எதும்மா வேணும்?” என்று கேட்டுக்கேட்டுச் சலித்துப்போனார்.

லிஃப்ட்காரர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எண்ணெய் துடைக்கும் கழிவுப் பஞ்சால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். விரல் விரலாகத் துடைத்தார். அவள் பேசி முடித்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்ததும் அவர் ஒன்று சொன்னார். சின்ன வாக்கியம்தான். வாய் திறந்து மூடிய அளவை வைத்துச் சொல்கிறேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்று அங்கிருந்து சொல்ல முடியவில்லை. நடுவில் ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றுவிட்டது. லாரி போனபோது அவள் குடையை விரித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள், அவர் பள்ளத்துக்குள் இறங்கியிருந்தார்.

ஒரு வாரம் கழித்து லிஃப்ட்காரர் அம்மா வந்தார். பாதி வெள்ளைத் தலையோடு அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மிச்சத்தையும் பூசிவிடு” என்றார்.

சின்னவள் கிண்ணத்தை எடுத்தாள்.

“அவன் உன்னைத்தான் கட்டிக்குவேங்கறான்.”

“ம்.”

“மேல உன் மாமா படிச்சது உன் கதையான்னு கேட்டேன். ‘அவ என்கிட்டப் பேசிட்டா’ங்கறான். என்ன பேசினீங்கன்னு கேட்டா, ‘அது எங்க விஷயம்மா’ங்கறான். பெத்தவகிட்ட! சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் ஒரு கதை சொல்லி வச்சிருக்கேன், இப்ப எந்தக் கதையைச் சொல்றது?”

“நீங்க சொன்னதையே சொல்லாதீங்கம்மா. அவன் அடிக்கல.”

“அப்ப என்னதான் நடந்துச்சு?”

“தலையைக் கொஞ்சம் சாய்ங்க. காதுல பட்டுடும்.”

அவ்வளவுதான் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது. முணுமுணுத்துக்கொண்டே தலையைச் சாய்த்தார். கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது.

இலக்கியம் அத்தியாயத்தை எடுக்கவில்லை. ஆனால் பதிப்பாசிரியை விடவில்லை. அந்தப் பெண் கடைசியில் என்ன ஆனாள், யாரிடமாவது உண்மையைச் சொன்னாளா, கேட்டவன் என்ன சொன்னான், அது இல்லாமல் நாவல் பாதியில் நிற்கிறதே என்றாளாம். மனிதர் நாள்கணக்காக வாளிமேல் உட்கார்ந்து பார்த்தார். துவாரத்தில் காதை வைத்தும் பார்த்தார். அக்கா கீழ்ப்பக்கத்தில் பழைய துண்டை அடைத்துவிட்டிருந்தாள். கடைசியில் கையில் பென்சிலோடு இறங்கி வந்தார். சின்னவள் கல்யாணத்துக்குப் பிறகும் தினமும் வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். ஒரு பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தாள்; நூல் பல்லில் இருந்தது.

“ஒரே ஒரு வரிம்மா. உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாரு? அதை மட்டும் சொல்லிடு. மாமாவுக்காக.”

அவள் நூலைப் பல்லிலிருந்து எடுத்தாள். “நீங்களே எழுதிக்கோங்க மாமா. உங்களுக்குத்தான் உள்ளேயிருந்து வருமே.”

எழுதினார். புத்தகம் வந்துவிட்டது. அக்கா வற்புறுத்தினாள் என்று நானும் ஒன்று வாங்கினேன். அதில் அந்த ஆள், கையில் வலையோடு நின்று, ‘பெண்ணே, கடல் எல்லாவற்றையும் மன்னிக்கும்’ என்கிறான். பள்ளத்துக்குள் நின்று பஞ்சால் கை துடைக்கிற எந்த மனிதனாவது அப்படிப் பேசுவானா? டீச்சர் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் கோடு போட்டு, பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதிவைத்திருக்கிறார்.

என்னால் இருப்புக்கொள்ளவில்லை. நேற்று மத்தியானம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். சின்னவள் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அன்னிக்கு அவரு என்னதான் சொன்னாரு?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபம் இல்லை. மாமாவைப் பார்த்த அதே பார்வை.

“முடி வெட்டணுமா வேண்டாமாக்கா உங்களுக்கு?”

போன மாதம்தான் வெட்டியிருந்தேன். இருந்தாலும் உட்கார்ந்து, வெட்டு என்றேன்.